நீலக் கட்டம் போட்ட சட்டை

முகத்தைப் பார்த்தேன் என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்க்காமலா எழுதுவேன்? பார்க்காமல்தான் எழுதினேன். மணி இரண்டு இருபது. மூன்று மணிக்குக் கூப்பிடுவார்கள், அதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும், வந்துவிட்டுத்தான் அறையிலிருந்து கிளம்பினேன், இந்தக் கட்டடத்தின் படியேறும்போது அந்த முடிவு எங்கேயோ நழுவிவிட்டது, பூட்டை இழுத்துப் பார்த்தோமா இல்லையா என்பது நழுவுகிற மாதிரி. அறைப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள் நான். "ஏட்டி தில்லை, அது பூட்டு, மாட்டு மடி இல்ல" என்பாள் பெனிட்டா, என் அறைத்தோழி. இன்றைக்கும் மூன்று தடவை இழுத்தேன், பாதி வழியில் திரும்பிப் போய் நான்காவது தடவையும் இழுத்தேன். அப்பேர்ப்பட்டவள் ஒரு மனுஷன் மேல் பழியைப் பூட்டியபோது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்க்கவில்லை. அழக் கூடாது. பியூன் பார்க்கிறார். மேலே ஃபேன் டக் டக்கென்று அடித்துக்கொள்கிறது, காற்று வரவில்லை, சத்தம் மட்டும் வருகிறது. மூடிய கதவுக்குப் பின்னால் விசாரணைக் கமிட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, சாம்பார் வாசனையோடு சிரிப்பும் வருகிறது, நியாயம் வழங்கப் போகிறவர்கள் வயிறு நிறைந்துதான் வழங்குவார்கள்போல. நான் எழுதியதை வாயால் ஒருமுறை சொல்லி இன்னொரு கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது. கோமதிநாயகம் என்கிற மோட்டார் ஆபரேட்டருக்கு வேலை போய்விடும். ஏற்கெனவே பத்தொன்பது நாளாக அவரை வாசலுக்குள் விடவில்லை. பத்தொன்பது நாளாக எங்கள் ஹாஸ்டல் மோட்டாரை யாரோ ஒரு வாட்ச்மேன் போடுகிறார், தொட்டி நிரம்பி வழிகிறது, நிறுத்த ஆளில்லை.

நான் காரணமில்லாமல் கத்தியவள் இல்லை, அதையாவது யாராவது ஒப்புக்கொள்ளுங்கள். ஹாஸ்டலின் பின்பக்கம் குளியலறை வரிசை. சுவரின் உயரத்தில் வெண்டிலேட்டர், கண்ணாடி உடைந்து மூன்று வருஷம், வலை அடிக்கச் சொல்லிப் பதினொரு மனு. எல்லாம் என் கையெழுத்து. "அம்புட்டு உயரத்துல எவன்டி எட்டிப் பாக்கப் போறான், கொக்கா?" என்று வார்டன் கேட்டார், அவரே சிரித்தும்கொண்டார். போன வருஷம் ஒரு கை, கையில் ஒரு போன். பார்த்தவள் முதலாமாண்டுப் பெண். விசாரணையில் "சரியாத் தெரியல மேடம்" என்றாள், அவ்வளவுதான், மனு குப்பைக்குப் போனது, அவள் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போனாள். டிரங்குப் பெட்டியை நான்தான் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அன்றைக்குச் சபதம் எடுத்தேன், இனி ஒருத்தியும் இந்த வளாகத்தில் 'சரியாத் தெரியல' என்று சொல்லக் கூடாது. அப்புறம் இந்த மாதம் நான்காம் தேதி. காலை ஆறேகால். குளித்துக்கொண்டிருந்த பெனிட்டா அலறினாள், வெண்டிலேட்டரில் நிழல், கை. வாளியோடு நின்றுகொண்டிருந்த நான் பின்வாசல் வழியாக ஓடினேன். சுவரோரம் இரண்டு சிமெண்ட் கல் ஒன்றன்மேல் ஒன்றாக. சந்தின் கோடியில் ஒரு முதுகு. நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, தலையில் சுற்றிய துண்டு, இடுப்புக்குக் கீழே செம்பருத்திச் செடி மறைத்தது, தொட்டிக்குப் பின்னால் திரும்பியது, மறைந்தது. இரண்டு வினாடி. இரண்டுகூட இருக்குமா? ஆறு மணிக்கு மோட்டார் போட வருகிறவர் கோமதிநாயகம். அவருக்கு நீலக் கட்டம் போட்ட சட்டை உண்டு. வேறு என்ன வேண்டும்? பத்து மணிக்கெல்லாம் நிர்வாகக் கட்டடத்து வாசலில் முப்பது பெண்கள், நடுவில் நான், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு. புகாரை வாங்கிய உதவிப் பதிவாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "முகத்தப் பாத்தியாம்மா? முகத்தப் பாக்கலன்னா இது நிக்காது." முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். பேனா ஒரு கணம் நின்றது. காகிதத்தில் மை ஊறி ஒரு பொட்டாக விரிந்தது. ஆட்டோவில் போன அந்த டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. எழுதினேன். 'முகத்தைப் பார்த்தேன். நூறு சதவீதம் அவரேதான்.' பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். கை தட்டல் எனக்கு எப்போதும் பிடிக்கும், சிறுவயதிலிருந்தே, வீட்டில் என் பெயர் வக்கீலம்மா, சோற்றில் உப்பு குறைவு என்பதைக்கூட மூன்று காரணம் காட்டித்தான் சொல்வேனாம்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு, வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். முந்தைய வாரம்தான் எங்கள் தத்துவத் துறைக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். எதையாவது முழு உறுதியோடு அறிய முடியுமா என்பது தலைப்பு. முடியாது என்பது என் கட்சி. காண்டல், கருதல், உரை, மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழுவில் ஏற்றினேன். கண் ஏமாற்றும், கண்டதிலிருந்து கருதுவது அதற்கு மேல் ஏமாற்றும், அடுத்தவர் சொல்வதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தூரத்தில் நிற்பது மரக்கட்டையா ஆளா, ஆணா பெண்ணா என்று மயங்கும் பழைய உதாரணத்தைக்கூட விடவில்லை. ஆணா பெண்ணா! அந்தச் சொல்லை இந்த வாயால்தான் வாசித்தேன். துறைத்தலைவர் எழுந்து, "உறுதியா ஒண்ணும் தெரியாதுங்கறது மட்டும் உனக்கு உறுதியாத் தெரியுமாக்கும்?" என்றார். "அதுவும் தெரியாது சார், ஆனா இந்தக் கேள்விய நீங்கதான் கேப்பீங்கன்னு தெரியும்" என்றேன். அரங்கமே சிரித்தது. அன்றைக்கும் கை தட்டல். எட்டு நாள் கழித்து நூறு சதவீதம். சட்டையைப் பார்த்தேன், துண்டைப் பார்த்தேன், ஆண் என்று முடிவு கட்டினேன். உடுப்பில் ஆண் பெண் கிடையாது என்று மேடை மேடையாகப் பேசுகிறவள் நான், எனக்கே சட்டை என்றால் உள்ளே ஆண்பிள்ளை. அதோடு போனாலும் பரவாயில்லை. ஐந்தாறு நாளில் இன்னொன்று நடந்தது. அந்த முதுகு திரும்பத் தொடங்கியது. பாடம் படிக்கும்போது, பல் தேய்க்கும்போது, சந்தின் கோடியில் அது மெல்ல மெல்லத் திரும்பும், முதலில் காது, அப்புறம் கன்னம், அப்புறம் முழு முகம், கோமதிநாயகத்தின் மீசை, அவருடைய பக்கவாட்டுப் பல். நான் பார்த்தேன்! பார்த்திருக்கிறேன்! எழுதியது பொய்யே இல்லை! நிம்மதியாகத் தூங்கினேன். எழுதிய சொல்லுக்கு ஏற்ற முகத்தை மனசே வரைந்து மாட்டிவிட்டது. யாரும் என்னை மிரட்டவில்லை, ஏமாற்றவில்லை. என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன், அது எவ்வளவு சுலபமாக இருந்தது.

இன்று காலைவரைக்கும். ஆறேகால், அதே சந்து. வாளியோடு போகிறேன். நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, சிமெண்ட் கல் மேல் ஏறி நின்று வெண்டிலேட்டர் பக்கம் கையை நீட்டிக்கொண்டு ஒரு முதுகு. எனக்குக் கத்த வரவில்லை. செம்பருத்திக்கு இந்தப் பக்கம் வந்து நின்றதால் இடுப்புக்குக் கீழேயும் தெரிந்தது. பச்சைச் சேலை. முழங்கால்வரை தூக்கிச் செருகிய பச்சைச் சேலை. அது திரும்பியது, இந்தத் தடவை நிஜமாகவே திரும்பியது. தோட்ட வேலை பார்க்கும் செல்லக்கனியக்கா. புல் அறுத்தால் அரிக்குமே, வெயில் சுடுமே, சேலைக்கு மேல் வீட்டு ஆம்பளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்ளாத எந்த வேலைக்காரப் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன்? எங்கள் ஊர்ப் பேருந்து போகிற வழி முழுக்க வயலில் குனிந்து நிற்பது சட்டைகள்தானே, ஒரு சட்டைக்குள்ளும் ஆண் கிடையாது என்று எனக்குத் தெரியாதா? "என்னக்கா பண்ணுதீங்க?" "தூக்குவாளிய வைக்கேன் தாயி. கீழ வச்சா நாய் உருட்டிருது. இங்கன திட்டுல வச்சா அதுபாட்டுக்குக் கெடக்கும்." வெண்டிலேட்டர்த் திட்டில் எவர்சில்வர் தூக்குவாளி மின்னியது. "தெனமுமா?" "தெனமுந்தான். நடுவுல பயந்துட்டு வைக்கல. ரெண்டு நாளு சோத்த நாய் தின்னுருச்சு, பட்டினியாக் கெடந்தேன்." "நாலாந்தேதி?" அவள் கல்லிலிருந்து இறங்கினாள். தலைத்துண்டை அவிழ்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அந்தப் பிள்ள கத்துச்சு. நான் பயந்து ஓடிட்டேன்." அப்படியானால் ஏன், ஏன் அக்கா, இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை, என்று நான் கேட்டேன், கேட்கும் உரிமை எனக்குத்தான் உண்டு என்பதுபோலக் கோபமாகக் கேட்டேன். "சொன்னா காண்ட்ராக்டரு நாளைக்கே வராதன்னுருவான். அதுவுமில்லாம நீ மொகத்தப் பாத்தேன்னு சொல்லிட்டியே தாயி. படிச்ச பிள்ள. பொய்யா சொல்லப்போற? நான் போன பொறவு அவனும் வந்துருப்பானோன்னு நெனச்சுட்டேன். ஒருவேள அது நான் இல்லியோன்னுகூட நெனச்சேன், பாத்துக்கோ." தன் காலால் ஏறி, தன் கையால் வாளியை வைத்தவள் அவள். என் ஒரு வரிக்கு முன்னால் அவளுக்குத் தன் கைகாலே சந்தேகமாகிவிட்டது. எம் பேரச் சொல்லிராத தாயி, என்று கையைப் பிடித்தாள். உள்ளங்கை பூராவும் புல் அறுத்த கீறல்.

இதோ வந்துவிட்டார். புகார் கொடுத்தவளும் புகாருக்கு ஆளானவரும் நேருக்கு நேர் சந்திக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, அந்த விதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி நடந்த போராட்டத்துக்கும் நான்தான் தலைவி. பியூன் அவரை என் பெஞ்சைப் பார்த்துக் கை காட்டுகிறார். "அங்கன உக்காரும்." அறிவிப்பு பியூனின் தலைக்கு நேர் மேலேயே ஒட்டியிருக்கிறது. கோமதிநாயகம் பெஞ்சின் மறுகோடியில், பாதி உடம்பு வெளியே இருக்கும்படி உட்காருகிறார். வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்குப் போடுகிற மாதிரி மடிப்பு. புகார்தாரர் பெயரை அவரிடம் சொல்லவில்லை, அதுவும் விதி, அது மட்டும் ஒழுங்காக நடந்திருக்கிறது. என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார். "ஹாஸ்டல் பாப்பாதான நீங்க? முந்நூத்திப் பன்னெண்டு. அறைல லைட்டு மினுங்குதுன்னு சொன்னீயளே, சரியாயிருச்சா?" சரியாகிவிட்டது என்கிறேன். அந்த டியூப்லைட்டின் கீழ் உட்கார்ந்துதான் கோஷங்களை எழுதினேன். "நீங்களும் ஆபீஸ்ல ஏதும் கடுதாசி விசயமா வந்தீயளா?" ம் என்கிறேன். ம் என்பது பொய்யா? அவர் ஃபேனை அண்ணாந்து பார்க்கிறார், ஒரு சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. "பேரிங் போயிருச்சு. ஆறு மாசமா இப்படித்தான் அடிச்சிட்டிருக்கும், ஒருத்தனுக்கும் காதுல விழாது." கை துறுதுறுக்கிறது, தொடைமேல் வைத்து அமுக்கிக்கொள்கிறார்.

எழுந்து ஓடிவிடலாம். அல்லது யோசிக்கலாம், யோசிக்கத்தானே எனக்குத் தெரியும். எதுவுமே நிச்சயமில்லை என்றால், அவர் இல்லை என்பதும் நிச்சயமில்லைதானே? செல்லக்கனியக்கா தேதியைத் தப்பாக நினைக்கலாம். இரண்டு நீலச் சட்டையும் அன்று அங்கே வந்திருக்கலாம், உலகத்தில் நடக்க முடியாதது எது? நான் மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்? வார்டன் சிரிப்பார். "பாத்தீங்களா, இவளுக சொல்றதெல்லாம் இப்படித்தான்." வெண்டிலேட்டருக்கு வலை வராது. அடுத்த வருஷம் நிஜமாகவே ஒரு கை வரும், நிஜமாகவே ஒருத்தி அலறுவாள், கோமதிநாயகம் கதை தெரியாதா என்பார்கள். முப்பது பெண்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். செல்லக்கனியக்கா வேலையும் போகும். அப்போது ஒருவர் வேலை போவதற்குப் பதில் இன்னொருவர் வேலை… ஆகா, எவ்வளவு அழகாக வாதாடுகிறேன், எனக்கு எதிரே உட்கார்ந்து நானே கை தட்டலாம். சந்தேகம் என்பதைப் பெரிய வீரம் என்று நினைத்திருந்தேன், எல்லாரும் நம்புவதை நம்ப மறுப்பது. இப்போது பார்த்தால் குளிருக்குப் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொள்கிற மாதிரி அதற்குள் சுருண்டு கிடக்கிறேன். அவர் வந்தாரா இல்லையா, தெரியாது. செல்லக்கனியக்கா சொன்ன தேதி சரியா, தெரியாது. என் ஞாபகத்திலிருக்கும் முகம் எங்கிருந்து வந்தது, அதுகூடச் சத்தியமாகத் தெரியாது. ஆனால் பேனா நின்றது. மை ஊறியது. அந்த ஒரு கணத்தில் என்ன எழுதப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். அதில் ஐயமும் இல்லை, திரிபும் இல்லை, எத்தனை கட்டுரை எழுதினாலும் அந்தப் பொட்டு அழியாது, இந்த மூடிய கதவுக்குப் பின்னால் ஃபைலுக்குள்தான் இருக்கிறது, திறந்தால் தெரியும்.

"யாரோ ஒரு பாப்பா மொகத்தப் பாத்தேன்னு எழுதிக் கொடுத்திருக்கு" என்கிறார், நான் கேட்காமலே. கேட்டுவிட்டேனோ? அவரை உற்றுப் பார்த்துவிட்டேன்போல. "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஹாஸ்டல் பூராம் தெரியுமே. அந்தப் பாப்பா மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொன்னா அது பொய்யி. கோவந்தான். ஆனா நான் போகல. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு யாருக்கு என்ன ஆவப்போவுது?" வெளியே வேப்பமரத்தில் காக்கை கத்துகிறது. "வீட்டுக்காரி ஒரு தடவ கேட்டா, போனீயளான்னு. இல்லன்னேன். சரின்னுட்டா. அவள விடுங்க. மகளுக்குப் பதினாறு வயசு. அது கேக்கவே இல்ல. கேட்டாலாவது இல்ல புள்ளன்னு ஒரு வார்த்த சொல்லலாம். எங்க வீட்டுப் பாத்ரூமு ஓலத் தட்டிதான, மேல கொஞ்சம் சந்து இருக்கும். போன வாரம் பாக்கேன், ஒரு ஃபிளெக்ஸ் துண்ட எடுத்து அந்தச் சந்த மறைச்சுக் கட்டிருக்கு. ஏன் புள்ளன்னு நானும் கேக்கல." சிரிக்கப் பார்க்கிறார். பக்கவாட்டுப் பல் தெரிகிறது. அதே பல், நான் என் ஞாபகத்தில் எடுத்து மாட்டிய பல். "அந்தப் பாப்பா நாளைக்கே தப்பாச் சொல்லிட்டேன்னு சொன்னாலும் அந்த ஃபிளெக்ஸ எம் மவ அவுப்பாளா? தெரியல."

தெரியல. உண்மையிலேயே தெரியவில்லை. நான் எதைத் திருப்பிச் சொன்னாலும் அந்தப் பெண் இனி எப்போதும் ஒரு கணம், தாழ்ப்பாளைப் போடும்போது ஒரு கணம், நின்றுவிட்டுத்தான் போடுவாள். பெற்ற அப்பாவைப் பற்றி ஒரு மகளுக்கு இருக்கும் உறுதி, கேட்டு வாங்காதது, நிரூபிக்கத் தேவையில்லாதது, இருக்கிறது என்றே தெரியாமல் இருந்தது, அதை எடுத்து உடைத்துவிட்டு எதிலும் உறுதி கிடையாது என்று கட்டுரை வாசிக்கிறேன். முகம் காதுவரைக்கும் எரிகிறது. துப்பட்டாவால் துடைக்கிறேன், வேர்வை மாதிரி இருக்கட்டும் என்று. கதவு திறக்கிறது. பியூன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து விரலை மடக்குகிறார். என் பெயர் எழுதிய ஃபைல் உள்ளே மேசைமேல் இருக்கிறது, கோமதிநாயகத்துக்குத் தெரியாமலே உள்ளே போய்ச் சொல்லிவிட்டுப் பின்படி வழியாக இறங்கிவிடலாம், விதியே அதைத்தான் சொல்கிறது, புகார்தாரர் பெயர் வெளிவரக் கூடாது. எழுந்துவிட்டேன். இரண்டு அடி வைத்துவிட்டேன். திரும்பினேன்.

"அண்ணாச்சி. மொகத்தப் பாத்தேன்னு எழுதிக் கொடுத்தது நான்தான். நான் பாக்கல."

அவர் ஃபேனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. காலடியில் இருந்த துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், நான் அதை மிதித்துவிடுவேன் என்பதுபோல. வைவார் என்று காத்திருந்தேன். வைதால் நன்றாக இருந்திருக்கும், வைதால் பதில் சொல்ல எனக்கு வரும். அவர் கேட்டார்.

"இத உள்ள சொல்லுவீயளா?"

"சொல்லுவேன்."

"நிச்சயமா?"

நூறு சதவீதம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன். பியூன் மறுபடியும் விரலை மடக்கினார், உள்ளே போனேன். நீண்ட மேசை, ஐந்து பேர், கழுவிய டிபன் பாக்ஸ் ஒன்று கவிழ்ந்திருந்தது. "கதவச் சாத்திட்டு வாம்மா, ஏசி போயிரும்" என்றார் நடுவிலிருந்த அம்மா. "திறந்தே இருக்கட்டும் மேடம்" என்றேன். யாரோ ஃபைலைப் பிரித்தார்கள். தலைகீழாகத் தெரிந்த என் கையெழுத்தில், கடைசிக்கு முந்தைய வரியில், அந்த மைப்பொட்டு. செல்லக்கனியக்கா பெயரைச் சொல்லாமல் வாளியைப் பற்றி எப்படிச் சொல்வது, தெரியவில்லை, வலையைப் பற்றி எப்போது சொல்வது, தெரியவில்லை, முதலில் என்னுடையது. "முகத்தை நான் பார்க்கவில்லை" என்று ஆரம்பித்தேன். வராந்தாவில் ஃபேன் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது, அதைத் தாண்டி பெஞ்சின் கோடிவரை கேட்க வேண்டுமே என்று, இன்னொரு தடவை, உரக்கச் சொன்னேன்.